தூங்குகிறவர்களின் சீட்டுக்கட்டு

பிப்ரவரி 9, சனி

சட்டை எடுக்க இன்றும் மேசையோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. என் அறை ஆறு பாய் விரிக்கும் அளவுதான். மேசையோ நான்கு பேர் தாராளமாக உட்காரும் ஓக் மரம். அதைக் கால் ஊன்றி வைத்தால் நான் கால் நீட்ட இடமில்லை. அதனால் ஒருக்களித்து நிமிர்த்தி, துணி அலமாரிமேல் சாய்த்து வைத்திருக்கிறேன். தினமும் காலையில் அதைக் கட்டிப்பிடித்து நகர்த்தினால்தான் எனக்கு உடை. முப்பத்தாறு வயதில், நாள் முழுக்கக் குனிந்து ஊர்ப் பல்லெல்லாம் சுத்தம் செய்கிற இடுப்புக்கு இது தேவையா?

தேவையில்லைதான். ஆனால் நானே கேட்டு வாங்கியது.

நவம்பரில் கோஹெயும் நானும் பிரிந்தோம். மற்றவர்கள் பிரியும்போது வீட்டுச் சாமானை எப்படிப் பங்கு போடுவார்களோ, தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது சீட்டாடுகிறவர்களின் முறை ஒன்றுதான்: எல்லாவற்றையும் தரையில் பரப்பு, ஆளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி எடு. ஆறு வருடம் சேர்ந்து வாங்கிய, படமும் விதியும் அச்சிட்ட ஆட்டச் சீட்டுகளை அப்படித்தான் பிரித்தோம். பிறகு பாத்திரம், குடை, திரைச்சீலை. முதலில் எடுக்கும் வாய்ப்பு எனக்கு வந்தது. எனக்கு வேண்டியது ரைஸ் குக்கர். ஆனால் அவன் கண் மேசைமேல் இருப்பதைப் பார்த்துவிட்டேன். "மேசை" என்று வாய் சொல்லிவிட்டது.

அவன் முகம் ஒரு கணம் தொங்கிப் போனது. எனக்குப் பரம திருப்தி. அடுத்து அவன் குக்கரை எடுத்தான்.

எதிராளிக்குக் கிடைக்கக் கூடாதே என்று எடுக்காதே, உனக்கு வேண்டியதை எடு. புதிதாக ஆட வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவது இதுதான். நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

இன்றும் சோறு அடிப்பிடித்தது.

பிப்ரவரி 16, சனி

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

நினோமியா சான் சீட்டுக்கடையில் இன்று மாதாந்தரக் கைகட்டுப் போட்டி. மாதம் ஒரு நிபந்தனை போடுவார். அதற்கு அடங்கிய சீட்டுகளை மட்டும் வைத்துக் கட்டு அமைக்க வேண்டும். ஒரு கையைக் கட்டிக்கொண்டு ஆடுவது மாதிரி. விலை உயர்ந்த சீட்டு வைத்திருப்பவனும் இல்லாதவனும் அன்று ஒன்றுதான். இந்த மாத நிபந்தனை, எல்லாப் படத்திலும் உணவு இருக்க வேண்டும். நான் நாற்பது சீட்டுகளிலும் சோற்று உருண்டை, மீன், சீமைப் பலாப்பழம் என்று விருந்தே வைத்திருந்தேன்.

கோஹெயும் வந்திருந்தான். மூன்று மாதமாக நினோமியா சான் எங்கள் இருவரையும் கடையின் இரண்டு மூலைகளில் உட்காரவைக்கப் படாதபாடு படுகிறார். இன்று முடியவில்லை, அரையிறுதியில் நேருக்கு நேர். நான் 'வலை வீசுபவன்' சீட்டை இறக்கினேன். அவன் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"மீன் இன்னும் கடல்ல இருக்கே. பிடிச்சாத்தான உணவு. இப்ப இது வெறும் மீன்."

இப்படித்தான். ஆறு வருடமும் இப்படித்தான். 'ஏழு மணிக்கு வர்றேன்னுதான் சொன்னேன், சாப்பிட வர்றேன்னு சொல்லல.' 'பாத்திரம் கழுவுறேன்னு சொன்னேன், துடைக்கிறேன்னு சொல்லல.' அத்தனையும் ஒன்றாக மண்டைக்கு ஏறியது. கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். இந்த ஊரில் எனக்கென்று இருப்பது இந்தக் கடை ஒன்றுதான், அங்கேயும் வந்து என் உயிரை வாங்குகிறாய், ஒன்று நீ இரு, இல்லை நான் இருக்கிறேன், ஆடித் தீர்த்துக்கொள்வோம் என்றேன்.

"சரி," என்றான். "தோத்தவங்க என்ன செய்யணும்னு தெளிவா எழுதிடுவோம்."

அவனே எழுந்து போய் வெள்ளைப் பலகையில் எழுதினான். முதலில் 'கடைக்கு வரக் கூடாது' என்று எழுதி, அழித்தான். சீட்டுக்கு உறை வாங்க வேறெங்கே போவது என்றான். பிறகு 'கடையில் ஆடக் கூடாது' என்று எழுதி, அதையும் அழித்தான். நினோமியா சான் தன் மேசைகளைச் சமூகக் கூடத்துக்கும் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டி நடத்துகிறாரே, அங்கே ஆடலாமா? கடைசியில் பலகையில் நின்றது இது: 'தோற்றவர் இனி இந்தக் கடைக்குச் சொந்தமான எந்த மேசையிலும் உட்கார்ந்து ஆடக் கூடாது.'

சண்டையிலும் வாசகத்தைச் செதுக்குகிற மனிதனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிப்ரவரி 17, ஞாயிறு

கோபம் இறங்கிவிட்டது. பயம் ஏறியிருக்கிறது. அந்தக் கடை இல்லாத சனிக்கிழமையில் நான் என்ன செய்வேன்?

பிப்ரவரி 23, சனி

நினோமியா சான் எங்கள் இருவரையும் கல்லாவுக்குக் கூப்பிட்டார். மெல்லிய மனிதர். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. இன்றும் அதட்டவில்லை.

"யார் தோத்தாலும் எனக்கு ஒரு ஆள் குறையும். அதனால நிபந்தனை நான் போடுவேன். அதை யாரும் மாத்தக் கூடாது."

ஏப்ரல் 13 ஆட்டம். மூன்று நிபந்தனைகள். கடையின் பத்து யென் பெட்டியில் கிடக்கும் சீட்டுகள் மட்டுமே. பிரித்துக்கொண்டுபோன பங்கு எதற்கும் உதவாது. ஒவ்வொரு படத்திலும் ஏதாவது ஓர் உயிர் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாவதுதான் வில்லங்கம்: ஆட்டத்துக்கு உட்கார்ந்ததும் கட்டுகளை மாற்றிக்கொள்ள வேண்டும். நான் செய்த கட்டில் அவன் ஆடுவான், அவன் செய்ததில் நான்.

கோஹெய் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். பிறகு சிரித்தான். அவன் பல் ஒவ்வொன்றும் சோழி மாதிரி இருக்கும். பல் சுத்தமாக இருப்பவன் நல்லவன் என்று நம்பித்தான் என் ஆறு வருடம் போனது. அவன் எதற்குச் சிரித்தான் என்று எனக்கும் புரிந்தது. இரண்டு பேரும் உலகத்திலேயே மோசமான கட்டைத்தான் செய்யப் போகிறோம்.

பிப்ரவரி 26, செவ்வாய்

மதியச் சாப்பாட்டில் முகாய் சானிடம் சொன்னேன். எங்கள் பல் மருத்துவமனை வரவேற்பில் இருப்பவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். புருஷனுக்கு ஆரஞ்சுத் தோட்டம். சீட்டு என்றால் பேரப்பிள்ளை விளையாடுவது என்று நினைக்கிறவர். சோற்றுப் பெட்டி மூடியை வைத்து விளக்கிக் காட்டினேன்.

ஆட்டத்தின் பெயர் ஐந்து விளக்கு. இருவர் முன்னும் ஐந்து விளக்குகள். என் சீட்டுகளில் உள்ள ஆட்களை அனுப்பி, ஓர் அடிக்கு ஒன்றாக உன் விளக்குகளை அணைக்க வேண்டும். ஒருமுறை போய் அடித்துவிட்டு வந்த ஆளின் சீட்டைப் பக்கவாட்டில் படுக்க வைப்போம். என் முறை மறுபடி வரும்வரை அவன் எழுந்திருக்க மாட்டான். ஐந்தும் அணைந்தால் தோல்வி. எடுக்கக் கட்டில் சீட்டு இல்லாமல் போனாலும் தோல்வி. அவ்வளவுதான்.

முகாய் சான் ஊறுகாயைக் கடித்தபடி யோசித்தார். "ஆக, அவன் திங்கப் போற சோத்துல நீ மண்ணை அள்ளிப் போடணும். அவனும் உன் சோத்துல போடுவான்."

அதேதான் என்றேன்.

"அதுக்கா ரெண்டு பேரும் இத்தனை வருஷம் படிச்சீங்க?"

மார்ச் 7, வியாழன்

வியாழன் எனக்கு விடுமுறை. பெட்டியைக் கிளற வியாழன் எனக்கு, செவ்வாய் அவனுக்கு என்று நினோமியா சான் பிரித்துக் கொடுத்திருக்கிறார். டிராமிலிருந்து இறங்கி நேராகப் போனேன். சாயங்காலம்வரை தரையில் உட்கார்ந்து கிளறினேன். விரல் நுனியெல்லாம் கறுப்பு.

தூங்குகிறவர்கள் எத்தனை பேர். இத்தனை வருடமும் நான் படத்தைப் பார்க்கவே இல்லை, எண்ணையும் எழுத்தையும்தான் பார்த்திருக்கிறேன். போர்க்களச் சீட்டின் மூலையில் ஒருவன் வேல் மேல் சாய்ந்து குறட்டை விடுகிறான். அரசவைச் சீட்டில் அமைச்சரின் மடியில் நாய். தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ரத்தினம் ஒன்று கிடைத்தது. 'உறங்கும் சேவல்'. கடையில் எல்லோரும் கேலி செய்யும் சீட்டு. அடிக்காது, தடுக்காது. களத்தைவிட்டுப் போகும்போது மட்டும் உன் ஆட்களில் படுத்திருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். அதைச் செய்ய முதலில் யாராவது சேவலைக் கொல்ல வேண்டும். ஒன்றும் செய்யாத சேவலை எந்த மடையன் கொல்வான்? அதனால் அது பாட்டுக்கு உட்கார்ந்து இடத்தை அடைக்கும். ஒரே சீட்டு மூன்றுக்கு மேல் கூடாது என்பது விதி. மூன்றையும் எடுத்தேன். கோஹெய் இதை வரிசையாக எடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 9, சனி

நத்தை தூங்குகிறது என்று எப்படித் தெரியும் என்று ஒரு விவாதம். நான் கேட்கவில்லை, அவன்தான் கேட்டான். ஆக அவன் கட்டில் நத்தை உண்டு. நினோமியா சான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, கொம்பு உள்ளே இருந்தால் தூக்கம், வெளியே இருந்தால் விழிப்பு என்று தீர்ப்புச் சொன்னார்.

மார்ச் 14, வியாழன்

மோசமான கட்டு தயார். நாற்பது சீட்டு. எதுவும் எதோடும் ஒட்டாது. தரையில் பரப்பிப் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

மார்ச் 21, வியாழன்

ஒரு சின்ன மாற்றம்தான். தூங்கும் தபால்காரனை எடுத்துவிட்டு 'படகில் உறங்குபவன்' வைத்தேன். இவனால் ஒரு முறைக்கு ஒரு சீட்டு அதிகமாக எடுக்கலாம். வெறும் மரியாதைக்காகத்தான். கைகட்டுப் போட்டி முடிந்ததும் கட்டுகளை, செய்தவர் பெயரோடு, ஒரு மாதம் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது அந்தக் கடை வழக்கம். 'ஒச்சி சத்ஸுகி' என்று எழுதி அதற்குக் கீழே குப்பையையா வைப்பது? வந்து போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்.

பல்லக்குத் தூக்கிக்கொண்டே தூங்குகிறவன் ஒருவன் கிடைத்தான். அவனையும் வைத்தேன். இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மார்ச் 23, சனி

நிறுத்தவில்லை. இன்னும் நான்கு சீட்டு மாற்றினேன்.

மார்ச் 27, புதன்

ஒரு பெரியவருக்குக் கடைவாய்ப் பல்லில் காரை சுரண்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று பூனை ஞாபகம் வந்தது.

'பசித்த பூனை'. படத்தில் அடுப்பு மேல் சுருண்டு தூங்கும். களத்தில் இறங்கும்போது என் ஆட்களில் ஒருவரைத் தின்னும். பதிலுக்கு அணைந்த என் விளக்கு ஒன்று எரியும். எல்லோரும் அதை விளக்கேற்றத்தான் வைப்பார்கள். ஆனால் பூனை சேவலைத் தின்றால்?

முதலில் எல்லோரையும் அனுப்பி அடி. எல்லோரும் படுத்துவிடுவார்கள். பிறகு பூனையை இறக்கு. பூனை சேவலைத் தின்னும். சேவல் போனதும் எல்லோரும் எழுவார்கள். மறுபடி அடி.

கை அப்படியே நின்றுவிட்டது. பெரியவர் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தார். மன்னிக்கவும் என்றேன். ஏதாவது பெரிய வியாதியா என்று பயந்துவிட்டார் பாவம். இல்லை ஐயா, ஒரு சேவல், என்று சொல்ல முடியுமா.

இருபது வருடமாக அந்தச் சீட்டு பத்து யென் பெட்டியில் மிதிபடுகிறது. யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. எனக்கு!

ஏப்ரல் 1, திங்கள்

இன்று புதிய பேரரசரின் ஆட்சிக் காலத்துக்கான பெயரை அறிவித்தார்கள். மருத்துவர், நோயாளி, முகாய் சான் எல்லோரும் தொலைக்காட்சி முன்னால். ரெய்வா என்றதும் நாற்காலியில் இருந்தவர் வாய்க்குள் குழாயோடு ஏதோ கருத்துச் சொன்னார், யாருக்கும் புரியவில்லை. என் மனம் முழுக்கச் சேவலோடு எத்தனை பூனை வைப்பது என்பதிலேயே இருந்தது. மூன்று.

ஏப்ரல் 4, வியாழன்

இப்போது என்னிடம் இரண்டு கட்டுகள். ஒன்று குப்பை. இன்னொன்று நான் இதுவரை செய்ததிலேயே அழகானது. தூங்குகிறவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் எழுப்பிவிடுகிறார்கள். அடுத்த வியாழன் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும்.

முகாய் சானிடம் கேட்டேன். "எதிரிக்குக் கறிக்குழம்பு வெச்சுக் குடுப்பியா? குப்பையைக் குடுத்துட்டு வா," என்றார். சரியான பேச்சு. குப்பையைக் கொடுத்தால் கடை எனக்கு நிலைக்கும். நல்லதைக் கொடுத்தால் அவன் அதை வைத்தே என்னை அடிப்பான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

குப்பையைத்தான் கொடுக்கப் போகிறேன்.

ஏப்ரல் 11, வியாழன்

நல்லதைக் கொடுத்துவிட்டேன்.

டிராமில் இரண்டு பெட்டிகளும் மடியில் இருந்தன. கடை இருக்கும் கூரைபோட்ட கடைத்தெரு, அந்த ஆர்க்கேட் வரும்வரை குப்பைதான் மேலே இருந்தது. கல்லாவில் நினோமியா சான் கையை நீட்டினார். குப்பையைத் தொட்டேன், அசிங்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணமெல்லாம் இல்லை. அவர் ஒவ்வொரு சீட்டாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். சேவலையும் பூனையையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது கண்ணாடியைக் கீழே வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார். பெட்டியை மூடி முத்திரை ஒட்டினார்.

எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம்: கோஹெய்க்கு இது புரியாது. நான் குப்பைதான் தந்திருப்பேன் என்று நம்பி உட்காருவான். குப்பையில் யாரும் எதையும் தேடுவதில்லை.

ஏப்ரல் 13, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கடை நிறைந்திருந்தது. இருவரும் தலை வணங்கினோம், கட்டுகளை மாற்றினோம். அவன் எனக்குச் செய்திருந்தது அற்புதமான குப்பை. நத்தை, ஆமை, தொட்டில் குழந்தை, குளிர்காலக் கரடி. நாற்பது பேரில் முக்கால்வாசிப் பேர் எழுந்திருக்கவே மாட்டார்கள். இவ்வளவு மோசமாகச் செய்யவும் ஒரு திறமை வேண்டும். மனசுக்குள் பாராட்டினேன்.

ஆனால் ஒன்றை அவன் கவனிக்கவில்லை. அவன் குப்பை மெதுவாகத் தீரும். என் கட்டு படகுக்காரனால் இரண்டு இரண்டாகச் சீட்டு எடுத்துச் சீக்கிரம் தீரும். ஆமை வேகத்தில் ஆடி நான் தாக்குப்பிடித்தேன். நான் நினைத்தபடியே அவன் என் கட்டைக் குப்பை என்று நம்பி, கைக்கு வந்ததை இறக்கி, சேவலைப் பார்த்துச் சிரித்து, இரண்டு பூனைகளை முன்பே விளக்கேற்ற வீணடித்தான். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

கடைசியில் இப்படி வந்து நின்றது. எனக்கு மூன்று விளக்கு எரிகிறது. தடுக்க ஒரு ஆளும் இல்லை. அவன் களத்தில் படகுக்காரன், பல்லக்குக்காரன், ஒரு சேவல். கட்டில் ஒரு சீட்டும் மிச்சமில்லை. இந்த முறை அவன் முடிக்காவிட்டால், அடுத்த முறை எடுக்கச் சீட்டின்றி அவன் தோற்பான். இரண்டு பேர் அடித்தால் இரண்டு விளக்குதான் போகும். எனக்கு ஒன்று மிஞ்சும். கடை எனக்கு.

அவன் கையில் ஒரே சீட்டு. எனக்குத் தெரியும் அது பூனை என்று, கணக்கு வைத்திருந்தேன். புதிதாக இறங்கும் சீட்டு அந்த முறையிலேயே அடிக்க முடியாது.

அவனுக்கு ஒரு பழக்கம். புதுச் சீட்டை முதலில் இறக்கிவிட்டுப் பிறகுதான் அடிப்பான். ஆறு வருடமாகச் சொல்கிறேன், அடித்துவிட்டு இறக்கு என்று. பூனையைத் தூக்கினான். மேசைக்கு மேலே கொண்டுவந்தான். இன்னும் நான்கு விரல்கடை. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது, சேவல் யாருக்கும் தெரியாமலே சாகப்போகிறது, அப்புறம் கண்ணாடிப் பெட்டியில் என் பெயருக்குக் கீழே ஒரு கேலிச் சீட்டாக —

"முதல்ல அடி," என்றேன்.

அவன் கை நின்றது. கடையும் நின்றது.

"என்ன?"

"பூனையை இப்ப இறக்காத. முதல்ல ரெண்டு பேரையும் அனுப்பி அடி. அப்புறம் இறக்கு. சேவலோட எழுத்தைப் படி."

அவன் சேவலை எடுத்துப் படித்தான். பிறகு பூனையைப் படித்தான். மறுபடி சேவலை. அவன் காது சிவந்துகொண்டே வந்தது. நினோமியா சானைத் திரும்பிப் பார்த்தான். வேடிக்கை பார்ப்பவர் சொல்லக் கூடாதுதான், எதிராளியே சொல்வதற்கு எதிராக விதியில்லை என்றார் அவர், குரல் எழும்பாமல்.

"நீ சொல்லாம இருந்திருந்தா ஜெயிச்சிருப்ப."

"தெரியும். அடி."

அடித்தான். இரண்டு விளக்கு போயிற்று. பூனை இறங்கியது, சேவலைத் தின்றது, படுத்திருந்த இருவரும் எழுந்தார்கள். யாரோ பின்னாலிருந்து 'ஆ' என்றார்கள். படகுக்காரனை அனுப்பி என் கடைசி விளக்கை அணைத்தான்.

எல்லோரும் சேவலைச் சூழ்ந்துகொண்டார்கள். இது எப்படி, இதுவரை யாருக்கும் தோன்றவில்லையே என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. கோட்டு மாட்டிக்கொண்டு ஆர்க்கேட்டுக்கு வெளியே வந்த பிறகுதான், இனி உள்ளே உட்கார முடியாது என்பது உறைத்தது. டிராம் நிறுத்தத்தில் அழுதேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

நான் ஒரு லூசு.

ஏப்ரல் 20, சனி

ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்குப் போய்ப் பார்த்தேன். வெளிச்சம், சுத்தம், மேசைகள் எல்லாம் புதிது. என்னோடு ஆடிய இளைஞன் வணங்கினான், ஏழு நிமிடத்தில் என்னைத் தோற்கடித்தான், வணங்கினான், எழுந்து போனான். கைகட்டுப் போட்டி உண்டா என்று கல்லாவில் கேட்டேன். அப்படியென்றால் என்ன என்றார்கள்.

திரும்பி வந்து சும்மா மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 25, வியாழன்

கோஹெய்க்கு போன் செய்தேன். பிரிந்த பிறகு முதல் முறை. மேசையை வந்து எடுத்துக்கொள், உனக்குக் கிடைக்கக் கூடாதென்றுதான் எடுத்தேன், எனக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்றேன்.

"எடுத்தது எடுத்ததுதான். அது உன்னோடது. எனக்கு வேணாம்," என்றான். கொஞ்சம் கழித்து, "நினோமியா சான் கடையில மூணாவது மேசை கால் உடைஞ்சு போச்சு. அங்க வேணா போடு."

நான் உட்காரவே முடியாத கடைக்கு என் மேசையா என்று கேட்டேன். குரல் கொஞ்சம் ஏறித்தான் போனது.

"போடுன்னுதான் சொன்னேன். குடுன்னு சொல்லல."

போனை வைத்துவிட்டேன். இவனைத் திருத்த முடியாது.

ஏப்ரல் 29, திங்கள்

இருந்தாலும் கொண்டுபோய்ப் போட்டேன். இந்த அறையில் அது கிடப்பதைவிட நாலு பேர் ஆடட்டும். முகாய் சானின் புருஷன் ஆரஞ்சு ஏற்றும் குட்டி லாரியைக் கொண்டுவந்தார். மேசைக்குப் பழ வாசனை ஏறிவிட்டது. கோஹெய் கடை வாசலில் காத்திருந்து ஒரு முனையைத் தூக்கினான். உள்ளே இறக்கியதும், எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டான்:

"ஒச்சி, இதைக் கடைக்கே குடுக்கிறியா, இல்ல இரவலா?"

என்ன கேள்வி இது, அதுவும் இத்தனை பேர் நடுவில். ரோஷம் வந்துவிட்டது. இரவல்தான், எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்றேன். அவன் நினோமியா சான் பக்கம் திரும்பி, கேட்டுக்கொண்டீர்களா என்றான். அவர் தலையாட்டினார். நான் யார் முகத்தையும் பார்க்காமல் லாரியில் ஏறிவிட்டேன்.

மே 3, வெள்ளி

அலமாரிக் கதவு தானாகத் திறக்கிறது. சட்டை உடனே கிடைத்துவிடுகிறது. அறை வெறிச்சென்று இருக்கிறது.

மே 8, புதன்

நினோமியா சான் போன் செய்தார். மேசை ஒருவர்கூட உட்காராமல் காலியாகவே இருக்கிறதாம். ஏன் என்றால் சிரிக்கிறார். உறை வாங்கவாவது சனிக்கிழமை வாருங்கள் என்றார். உறை வாங்கத் தடையில்லைதான்.

மே 11, சனி

உறை வாங்கத்தான் போனேன். சத்தியமாக.

கண்ணாடிப் பெட்டியில் தூங்குகிறவர்களின் கட்டு இருந்தது, சேவலும் பூனையும் முன்னால், கீழே என் பெயர். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திரும்பினால், கடையின் நடுவில் என் மேசை. அதன் ஒரு பக்கத்தில் கோஹெய். எதிர் நாற்காலி காலி.

"உட்காரு," என்றான்.

பந்தயம் ஞாபகமில்லையா என்றேன். நான் தோற்றவள். வாக்கு வாக்குதான்.

அவன் பலகையைக் காட்டினான். இன்னும் அழிக்காமல் அப்படியே இருந்தது. "படி. நிதானமாப் படி."

படித்தேன். தோற்றவர் இனி இந்தக் கடைக்குச் சொந்தமான எந்த மேசையிலும். நான் பலகையைப் பார்த்தேன். மேசையைப் பார்த்தேன். என் வீட்டு மேசை, என் கையால் துடைத்த மேசை, தினமும் காலையில் நான் கட்டிப்பிடித்து நகர்த்திய மேசை. எல்லோர் முன்னாலும் நானே சொன்னேனே, இரவல் என்று.

"இது கடையோட மேசை இல்ல," என்றான் கோஹெய். "உன்னோடது. ஜெயிச்சவன் நான், நானே சொல்றேன்."

நினோமியா சான் கல்லாவுக்குப் பின்னால் உறைப் பெட்டிகளை அடுக்குவதில் மும்முரமாக இருந்தார், ஏற்கெனவே அடுக்கியிருந்தவற்றை.

ஆறு வருடம் என்னைப் பைத்தியமாக்கிய அதே வாய். பாத்திரம் கழுவுவதற்கும் துடைப்பதற்கும் நடுவே புகுந்து தப்பித்த அதே புத்தி. இன்று எனக்காக ஒரு சந்து கண்டுபிடித்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இவனோடு மறுபடி ஒரு வீட்டில் இருக்க என்னால் முடியாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அவனுக்கும் இருக்காது. ஆனால் எதிரே உட்கார முடியும்.

உட்கார்ந்தேன்.

இந்த மாத நிபந்தனை, எல்லாப் படத்திலும் மழை பெய்ய வேண்டும். என்னிடம் கட்டு இல்லை என்றேன். பத்து யென் பெட்டியை மேசைமேல் தூக்கி வைத்தார்கள். அரை மணி நேரத்தில் ஒன்று கட்டினேன்; சுமார்தான். ஆரஞ்சு வாசனை இன்னும் போகவில்லை. தலை வணங்கினோம்.

ஆட்டம் நீண்டது. கடைசியில் எனக்கு இரண்டு விளக்கு, அவனுக்கு ஒன்று. அவன் கையிலிருந்து உருவியது, படுத்திருப்பவர்களை எழுப்பிவிடும் 'ஆற்று வெள்ளம்'. அடித்துவிட்டு அதை இறக்கினால் நான் காலி. அவன் வழக்கம்போல முதலில் இறக்கப் போனான். சீட்டை மேசைக்கு மேலே பிடித்துக்கொண்டு, ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தான்.

நான் வெளியே டிராம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.